நனையக் கூடாத நாசில்

உருக்காலையில் நான் பார்த்த வேலையை ஒரு வரியில் சொல்லிவிடலாம். இரும்புக் குழம்பு நிறைந்த பெரிய வாளியின் அடியில் ஓர் ஓட்டை இருக்கும். அந்த ஓட்டை ஒழுங்காக இருக்கிறதா என்று பார்ப்பதுதான் என் வேலை. இதற்கு ஒரு டிப்ளோமா, ஒரு வெள்ளைத் தொப்பி, ஒரு மேசை எல்லாம் கொடுத்திருந்தார்கள்.

வாளியை லேடில் என்போம். உள்ளே தீச்செங்கல் பதித்திருக்கும். அடியில் செருகியிருக்கும் தடித்த சுட்ட களிமண் குழாய்தான் நாசில். அதன் மேல்வாய் புனல்போல விரிந்திருக்கும். பிறகு நேரான துளை, கீழே கூரான விளிம்பு. லேடிலுக்குள் தொங்கும் ஒரு தண்டு மேல்வாயை அடைத்துக்கொண்டிருக்கும். அதை நெம்புகோலால் தூக்கினால் குழம்பு கீழே வரிசையாக நிற்கும் அச்சுகளில் இறங்கும். நாசில் நன்றாக இருந்தால் அது வெள்ளைக் கண்ணாடிக் கம்பிபோல இறங்கும். விளிம்பு கொஞ்சம் உடைந்திருந்தாலும் குடைபோல விரியும். விரிந்தால் அருகில் நிற்பவன் ஓட வேண்டும். ஓடுவது எப்படி என்றும் ஒரு நடைமுறை எழுதியிருந்தேன். நடைமுறைகளை எழுதுவது என் வேலை. அவற்றைப் படிக்காமல் கையெழுத்துப் போடுவது மற்றவர்களின் வேலை.

அப்போது நாங்கள் தோட்டத்து வீட்டைக் காலி செய்யவில்லை. புக்கிட் செலம்பாவ் பக்கத்து ரப்பர் தோட்டம். மனைவி இன்னும் மரத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்தாள். மாமனார் இறந்த பிறகு மாமியாரும் மைத்துனனும் எங்களோடுதான் இருந்தார்கள். மைத்துனனுக்குத் தோட்டத்தில் மனம் ஒட்டவில்லை. ஆலையில் சேர்த்துவிட்டேன். தீச்செங்கல் ஸ்டோரில் நாசில்களை எடுத்து வைப்பதும், லேடிலின் அடியில் பொருத்துவதும், ஊற்றும்போது மேடையில் நின்று உதவுவதும் அவன் வேலை. தினமும் என் மோட்டார் சைக்கிளின் பின்னால் உட்கார்ந்து வருவான். வழியெல்லாம் பேசுவான்.

அந்த வருடம் நாசிலின் வடிவத்தை நான் மாற்றியிருந்தேன். பழைய நாசிலில் நேரான துளை குட்டையாக இருந்தது. குழம்பு அதை அரித்து அகலமாக்கிவிடும். கடைசி அச்சுகள் கண்மூடித் திறப்பதற்குள் வழிந்துவிடும். நேரான பகுதியை நீட்டி, கீழ்விளிம்பருகே சுவரைத் தடிப்பாக்கிப் படம் வரைந்து, செங்கல் சூளைக்கு அனுப்பினேன். என் வாழ்க்கையில் நான் உருப்படியாகச் செய்தவை கொஞ்சம்தான். அதில் இது ஒன்று. முதல் அச்சிலிருந்து கடைசி அச்சுவரை கம்பி கலையவில்லை.

"ஊத்துற மாதிரியே தெரியல மாமா," என்றான் மைத்துனன். "கயிறு கட்டித் தொங்கவிட்ட மாதிரி நிக்குது."

அன்று மாலை பீடோங்கில் வழக்கமான மாமாக் தேநீர்க் கடையில் உட்கார்ந்திருந்தோம். பாய் தேநீரை ஒரு குவளையிலிருந்து இன்னொன்றுக்கு உயரத் தூக்கி ஆற்றிக்கொண்டிருந்தார்.

"பாய், எங்க மாமாகிட்ட சொல்லுங்க. உங்க தே தாரிக்குக்கும் ஒரு நாசில் போட்டுக் குடுப்பாரு."

"என் கையே நாசில்தான் தம்பி," என்றார் பாய், கம்பியைக் கலைக்காமல். "உங்க மாமா வந்து ரூல் எழுத ஆரம்பிச்சார்னா தேத்தண்ணி ஆறிப்போயிரும் லா."

மைத்துனன் மேசையைத் தட்டிச் சிரித்தான். அவன் சிரிப்பு முழுக் கடைக்கும் கேட்கும்.

ஆயுத பூஜை வந்தது. ஆலையில் பாதிப் பேர் தோட்டத்திலிருந்து வந்தவர்கள். கத்திக்கும் வாளிக்கும் பொட்டு வைத்துப் பழகியவர்கள், கிரேனையும் உலையையும் சும்மா விடுவார்களா? முதலாளியான சீனத் தவுக்கே தேங்காய்க்குக் காசு கொடுத்தார். எந்தச் சாமியும் பகையாகிவிடக் கூடாது என்பது அவர் கொள்கை. நான் அன்று பினாங்குக்குப் போக வேண்டியிருந்தது. லேடிலுக்கான தீச்செங்கல் கப்பலில் வந்திருந்தது.

விடியலில் நான் சப்பாத்து மாட்டிக்கொண்டிருந்தபோது மனைவி அடுப்படியில் தம்பிக்குச் சந்தனம் உரைத்துக் கிண்ணத்தில் வழித்துக் கொடுத்தாள்.

"டேய், அப்பா மாதிரி நல்லா கழுவிட்டுப் பொட்டு வை. அழுக்கு மேல சந்தனத்த அப்பாத."

"அங்க எல்லாமே அழுக்குதான்க்கா. கிரேனப் போய் எப்படிக் கழுவறது?"

"கிரேன விடு. உன் கை படுறதக் கழுவு. அது போதும்."

நானும் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். அவன் கை படுவது என்றால் சுத்தியல், கரண்டி, கடப்பாரை என்றுதான் எனக்கும் தோன்றியது.

மாமனார் பூஜைக்கு முந்தின நாள் பால் வாளி, மரத்தில் பால் பிடிக்கும் மங்கு, கத்தி எல்லாவற்றையும் ஓடையில் ஊறப்போட்டுத் தேய்ப்பாராம். மகனும் அப்படியே செய்திருக்கிறான். ஸ்டோர் அலமாரியிலிருந்த நாசில்களை ஒவ்வொன்றாக இறக்கி, குழாயடியில் தொட்டித் தண்ணீரில் ஊறவைத்து, தூசியில்லாமல் கழுவி, வெயிலில் காயவைத்து, சந்தனமும் குங்குமமும் வைத்து, அடுக்கியிருக்கிறான். நாசில்மேல் மழை படக் கூடாது என்று நான் சுவரில் எழுதி ஒட்டியிருந்தேன். அவன் அதை மறந்தவனில்லை. மழைக்காலம் முழுவதும் தார்ப்பாய் போட்டு மூடி வைத்தவன் அவன்தான். பூஜைத் தண்ணீர் மழையில்லையே.

சுட்ட களிமண் தண்ணீரைக் குடிப்பது ரொட்டி தேநீரைக் குடிப்பதுபோல. மேலே ஒரு நாள் வெயிலில் காய்ந்துவிடும். உள்ளே காயாது. லேடிலைச் சூடேற்றும் நெருப்பும் அவ்வளவு ஆழத்துக்கு எட்டாது. குழம்பு வந்து தொட்டதும் உள்ளிருக்கும் ஈரம் ஒரேயடியாக ஆவியாகும். கல் பிளக்கும்.

பினாங்கிலிருந்து திரும்பிய மறுநாள் நான் சோதனைக்கூடத்தில் இருந்தேன். முதல் அச்சு நிறைந்தது என்றார்கள். இரண்டாவதில் கம்பி குடையானது. பிறகு நாசிலின் வாயை விட்டுப் பக்கவாட்டில் குழம்பு வெளியேறியது. மேடையில் நின்றவர்கள் குதித்தார்கள். மைத்துனனும் குதித்தான், கொஞ்சம் பிந்தி. இதற்கு மேல் எழுத எனக்கு விருப்பமில்லை.

அவனை வண்டியில் ஏற்றிய பிறகு நான் ஸ்டோருக்குப் போனேன். மிச்ச நாசில்கள் அலமாரியில் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றின் நெற்றியிலும் காய்ந்து வெடித்த சந்தனம், நடுவில் குங்குமம். ஒன்றைத் தூக்கினேன். கனத்தது. தரையில் வைத்துச் சுத்தியலால் அடித்தேன். வெளி வட்டம் வெளுப்பாக இருந்தது. உள்ளே மழை பெய்த மண்போலக் கறுத்திருந்தது. அவனோடு வேலை செய்தவன் வாசலில் நின்று, "அவன்தாண்ணே கழுவுனான். அக்கா சொன்னாங்கன்னு," என்றான். நான் அவனிடம் இதை யாரிடமும் சொல்லாதே என்றேன். அறிக்கையில் ஈரம் என்று எழுதினேன், அது வந்த வழி என்ற இடத்தில் சேமிப்புக் குறைபாடு என்று எழுதினேன். சுவரிலிருந்த விதியையும் திருத்தினேன். எந்தத் தண்ணீரும் படக் கூடாது.

ஆஸ்பத்திரியில் அவன் முகம் மட்டும் தெரிந்தது. நினைவு இருந்தது. நான் குனிந்தபோது கேட்டான்.

"நாசிலுக்கு என்னா ஆச்சு மாமா?"

பதில் யோசிக்க நேரமில்லை. அவன் அக்கா பின்னால் நின்றாள்.

"என் டிசைன்தான் தப்பு. சுவரு பத்தல."

அவன் உதடு கோணியது. சிரிக்கப் பார்த்திருக்கிறான்.

"டிப்ளோமா படிச்சும் இப்படியா மாமா?"

மறுநாள் உயிர் போய்விட்டது. கோத்தா கோலா மூடாவுக்குப் போய் நண்டு வாங்கி வரலாம் என்று பூஜைக்கு முந்தின வாரம் முழுவதும் சொல்லிக்கொண்டிருந்தான்.

ஒருமுறை சொல்லிவிட்டால் பிறகு அதுதான் உண்மை. வீட்டிலும் அதையே சொன்னேன். மனைவி என்னைப் பார்த்து, "சரி" என்றாள். தோட்டத்துக்கு எனக்கு முன்பே பேச்சு போய்ச் சேர்ந்திருந்தது. படித்தவன் கோடு போட்டான், பையன் போய்விட்டான் என்றார்கள். மாமியார் நேராகவே சொன்னார். "எம் புள்ளையக் கொண்டுபோய் உன் ஓட்டைக்குள்ள தள்ளிட்டியே." அதன் பிறகு சாகும்வரை என்னோடு பேசவில்லை. என் தட்டில் சோறு போடுவார், வேறு பக்கம் பார்த்துக்கொண்டு. நான் சாப்பிடுவேன். மனைவி குனிந்து தரையைத் துடைப்பாள்.

இதை ஒரு தியாகமாக நினைத்துக்கொண்டிருந்தேன் என்றால் பொய்யில்லை. மனைவி தூங்க வேண்டும், சந்தனக் கிண்ணத்தைப் பார்த்துத் தன்னையே குற்றம் சொல்லிக்கொள்ளக் கூடாது, அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது. அந்த டிசைன் நாசிலைத் தவுக்கே நிறுத்தவில்லை. வேறு ஆலைகளும் கேட்டு வாங்கின. வீட்டில் அதைச் சொல்ல முடியவில்லை. நல்ல செய்தியை மறைத்து வைத்துக்கொள்வதும் ஒரு திறமைதான், அதிலும் தேறினேன்.

அதன் பிறகு எங்கள் வீட்டில் ஆயுத பூஜை இல்லை. பீடோங்கில் வீடு வாங்கிக் குடிவந்த பிறகும் இல்லை. அண்டை வீட்டிலிருந்து சுண்டல் வந்தால் வாங்கி வைப்பாள். துக்கம் என்று நானும் விட்டுவிட்டேன்.

நான் ஓய்வு பெற்றபோது ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்தார்கள். நானாகக் கேட்டு ஒரு நாசிலை வாங்கிக்கொண்டேன். புதிது, குழம்பைக் காணாதது. வீட்டில் அலமாரி மேல் வைத்தேன். மனைவி அதைப் பார்த்தாள், என்னவென்று கேட்கவில்லை.

அந்த வருடம் பூஜைக்கு முந்தின நாள் அவள் முற்றத்தில் வாளியும் தேங்காய் நாரும் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அரிவாள்மனை, மண்வெட்டி, கத்தரிக்கோல் எல்லாவற்றையும் தண்ணீர் ஊற்றித் தேய்த்தாள். அவள் பால் வெட்டிய கத்தியையும் எங்கிருந்தோ எடுத்துக் கழுவினாள். நான் வாசற்படியில் செய்தித்தாளோடு இருந்தேன். பிறகு அவள் கையை முந்தானையில் நன்றாகத் துடைத்துக்கொண்டு உள்ளே போய், நாசிலை இரு கையாலும் தூக்கி வந்தாள். வாளிக்கு எட்டாமல் தள்ளி ஒரு பலகைமேல் வைத்தாள். காய்ந்த துணியொன்றை எடுத்து, உள்துளைவரை விரலைவிட்டு மெதுவாகத் துடைத்தாள்.

"இதுக்குத் தண்ணி ஆகாதே," என்றாள்.

செய்தித்தாளைக் கீழே வைத்தேன். "யாரு சொன்னா?"

"யாராச்சும் சொல்லணுமா? மழைக்கு அத மூடி வைக்கிற கதைய அவன் சொல்லுவானே. கழுவச் சொன்னதே நாந்தானே."

அவள் துடைப்பதை நிறுத்தவில்லை.

"அம்மா உங்களத் திட்டறப்பல்லாம் சொல்லிரலாம்னு இருக்கும். வாய் வராது. இவரு எனக்காக வாங்கிக்கிறாரேன்னு உள்ள போய் உக்காந்துக்குவேன்."

இத்தனை வருடம் ஒரே கூரைக்குக் கீழ் அவள் அதைத் தனியாகத் தூக்கிக்கொண்டிருந்திருக்கிறாள். அதன்மேல் என் பொய்யையும் சேர்த்து. ஒரு மாலையாவது அவளோடு உட்கார்ந்து அவனை நினைத்து அழுதிருக்கலாம். அதற்கும் நான் வழி விடவில்லை.

சந்தனத்தைக் குழைத்து நாசிலின் நெற்றியில் வைத்தாள். தண்ணீர் அதிகமாகிவிடக் கூடாதென்று விரலை உதறிவிட்டு வைத்தாள். பொட்டு சின்னதாக இருந்தது.

"அவன் பெருசா வைப்பான்," என்றாள்.

நான் எழுந்தேன். எதையாவது செய்ய வேண்டும்போல் இருந்தது.

"மோட்டார் சைக்கிளக் கழுவட்டா?"

"கழுவுங்க. அது நனையறதுதானே."

குழாயைத் திறந்துவிட்டேன். பின் இருக்கையில் வெகுநேரம் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன்.