இறங்கிப் போன தடிக் கம்பி

எனக்கு இந்த மாதிரி விஷயத்துலயெல்லாம் நம்பிக்கையே கிடையாது. பேய்க் கதை பேசற இடத்துல உக்கார மாட்டேன், எந்திரிச்சுப் போயிருவேன், அப்படிப்பட்ட ஆளு நான். அதனால நீங்க நம்பாட்டியும் எனக்குக் கோவம் வராது லா. ஆனா நடந்தது நடந்ததுதான்.

அறுபதுகள்ல செம்பவாங் நேவல் பேஸ்ல வேலை செஞ்ச நாங்க சில பேரு ஒரு பேண்ட் வச்சிருந்தோம். ராஜு பாடுவான். செல்வம் அண்ணன்தான் கிட்டார், அவரு வராத அன்னிக்கு நான். அண்ணன் எல்லாரையும் மாதிரி டியூன் பண்ண மாட்டாரு. மேல இருக்கற தடிக் கம்பிய மட்டும் ஒரு சுரம் இறக்கி வச்சுக்குவாரு, அடிச்சா நெஞ்சுக்குள்ள போய் அதிரும்.

அவருக்கு டாக்யார்டுல கப்பல் பெயிண்ட் சுரண்டற வேலை. ஏதோ மருந்து ஊத்தித்தான் சுரண்டுவாங்க, அதுல ரெண்டு கையும் வெடிச்சு விரல் இடுக்குல நீர் கசிய ஆரம்பிச்சுது. ஒரு நாள் அவரு கிட்டார வாங்கி வாசிச்சேன், கம்பியெல்லாம் பிசுபிசுன்னு ஒட்டுச்சு, அந்த வாடை இருக்கே, வெளிய போய் வாந்தி எடுத்தேன். அப்புறம் அவரு குடிச்ச கிளாஸக்கூட தொட மாட்டேன். அந்த சமயத்துல எங்க பாட்டு ஒண்ண ரெக்கார்டு பண்ண ஏற்பாடாச்சு. ராஜுகிட்ட நான்தான் சொன்னேன், அந்தக் கையோட அவரு வந்தா பாக்கறவங்க முகம் சுளிப்பாங்க, ரெக்கார்டிங்குக்கு நானே வாசிக்கறேன்னு. ராஜு போய்ச் சொல்லிட்டான். அண்ணன் சரின்னாராம்.

ரெக்கார்டிங் சிராங்கூன் ரோடு பக்கத்துச் சந்துல, ஒரு கடைக்கு மேல மாடி ரூம்ல. பகல் பதினோரு மணி இருக்கும், நல்ல வெயில். கிட்டார் என்னோடது, கம்பி அன்னிக்குக் காலையில மாத்தின புதுக் கம்பி. அங்க இருந்த பியானோவோட ஒத்துப் பாத்து, எல்லாரும் வைக்கற டியூனிங்தான் வச்சேன். முதல் டேக் முடிச்சு டேப்பைப் போட்டுக் கேட்டா தடிக் கம்பி ஒரு சுரம் கீழ கேக்குது. ராஜு என்னை ஒரு மாதிரி பாத்தான். "ஏன்டா, அண்ணன் மாதிரி இறக்கிட்டியா?" இல்லடான்னு பியானோவை அடிச்சுக் காட்டினேன், கம்பி வச்ச இடத்துலயேதான் இருக்கு. அங்க டேப் மெஷின் ஓட்டற சீனரும் தலையச் சொறிஞ்சாரு, மெஷின் கோளாறுன்னா எல்லாக் கம்பியும்ல சேர்ந்து இறங்கணும், ஒண்ணு மட்டும் எப்படின்னு.

ரெண்டாவது டேக்ல, பாதிப் பாட்டுல, என் விரல் ஒட்ட ஆரம்பிச்சுது. வெதுவெதுன்னு, பிசுக்குன்னு, பழைய புண்ணுக் கட்டைப் பிரிச்சா வருமே அந்த வாடை. குனிஞ்சு பாக்கறேன், கம்பி பளபளன்னு சுத்தமா இருக்கு, ஆனா விரலை எடுத்தா நூல் மாதிரி இழுக்குது. தொண்டை வரைக்கும் வந்துருச்சு, டேப் ஓடுதே, நிறுத்த முடியுமா, அதை அப்படியே விழுங்கிட்டு வாசிச்சேன். முடிஞ்சதும் ஓடிப்போய் சோப்புப் போட்டு, தோல் எரியற வரைக்கும் தேய்ச்சேன். ஏதாச்சும் வாடை வருதான்னு மட்டும் ராஜுகிட்ட கேட்டேன், ஒண்ணும் இல்லையேன்னான்.

திரும்பக் கேட்டோம். மறுபடியும் இறங்கின கம்பி. ஆனா அந்த வாசிப்பு, நான் ஜென்மத்துல அப்படி வாசிச்சதில்ல. ராஜு கண்ணு கலங்கிருச்சு. இதையே போட்டுருவோம்னு அங்கயே முடிவாச்சு.

நாலு நாள் கழிச்சு ஆஸ்பத்திரிக்குப் போனேன். அண்ணன் ரெண்டு வாரமா அங்க கிடக்காருன்னு அப்பதான் கேள்விப்பட்டேன். ரெண்டு கையும் மணிக்கட்டு வரைக்கும் கட்டு. நர்ஸ்கிட்ட கேட்டுப் பாத்தேன், வார்டை விட்டு ஒரு நாளும் வெளிய போகலையாம். நான் ரெக்கார்டிங்கைப் பத்தி வாயே திறக்கல. அவரேதான் மெதுவா கேட்டாரு.

"நான் நல்லா வாசிச்சேனா தம்பி?"

நல்லா வாசிச்சீங்கண்ணேன்னு எப்படியோ சொல்லிட்டேன்.

"நடுவுல உனக்குக் குமட்டிருச்சு, தெரிஞ்சுது. மன்னிச்சுக்கடா." சொல்லிட்டு கட்டுப் போட்ட கைய என் பக்கம் நீட்டினாரு.

எனக்குக் குமட்டினதை நான் ஒருத்தர்கிட்டயும் சொல்லல, ராஜுகிட்டகூட சொல்லல. அவருக்கு எப்படித் தெரிஞ்சுதுன்னு இன்னி வரைக்கும் தெரியாது. அதையாவது மறந்துரலாம். அந்தக் கை கட்டில் ஓரத்துல நீட்டினது நீட்டினபடியே இருந்துச்சு, நான் பிடிக்கல. பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு சொல்லிட்டு வந்துட்டேன்.