மேலே கீழே மாறிய பட்டன்கள்

தேயிலை விலை விழுந்து ஃபேக்டரி வாரம் மூன்று நாள் மட்டும் ஓடிய காலம். லீவு நாட்களில் நானும் மகளோடு எஸ்டேட் பிள்ளைக் காப்பகமான கிரெச்சில் கிடப்பேன். அங்கிருந்த பருத்த ஆயாவின் ஸ்வெட்டர் பட்டன்கள் எப்போதும் துளை தப்பி மேலே கீழே மாறியே இருக்கும்.

நேற்றுக் கற்றதை இன்று மறந்துவிடும் என் ஆறு வயது மகள், அன்று தன் பட்டனைத் தானே போட்டாள். ஆயா கைதட்டி ஆடினார்.

"நேத்தும் போட்டாளுங்களே ஆயா?"

"அவளுக்கு இன்னிக்குத்தான் மொதல் தடவை அம்மிணி!"

யாரிடமும் சொல்லாததைச் சிரிப்போடு சிரிப்பாகச் சொல்லிவிட்டேன். "இவ வயித்துல இருக்கையில நான் குடிச்சனுங்க. அதனாலதான் இப்படின்னு டாக்டர் சொன்னாருங்க."

ஆயா என் கையைப் பிடித்து எழுப்பினார். "அதுக்கு நாளைக்கு ரெண்டு பேரும் சேந்து அழுவோம். இன்னிக்கு ஆடு!"

மூச்சிரைக்க ஆடினோம். ஓய்ந்தபோது, என் மகள் ஆயாவின் பட்டன்களை ஒவ்வொன்றாகச் சரியாக மாட்டிவிட்டாள்.

மறுநாள் காலை அவை மறுபடியும் மாறியே இருந்தன. வேண்டுமென்றேதானா என்று நான் கேட்கவே இல்லை.