விரலால் படித்த மருந்துப் பெயர்

தலைவலி வந்த முதல் நாளே ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தால், என் எழுத்துகள் என்னிடமே இருந்திருக்குமா? மருத்துவரிடம் மூன்று முறை கேட்டுவிட்டேன். மூன்று முறையும், "சொல்ல முடியாதும்மா" என்றார்.

மகள் பிறந்த பதினோராம் நாள் வலி தொடங்கியது. தூக்கமில்லாததால் இருக்கும் என்று இரண்டு நாள் பொறுத்தேன். மூன்றாம் நாள் காலை அவளுடைய தடுப்பூசி அட்டையை எடுத்தேன். கோடுகளும் சுழிகளும் தெளிவாகத் தெரிந்தன. ஒன்றுகூட எழுத்தாகவில்லை. தலைகீழாகப் பிடித்திருக்கிறேனோ என்று அட்டையைத் திருப்பிப் பார்த்தேன்.

ஸ்கேனில், மூளைச் சிரையில் ரத்த உறைவு (மூளையிலிருந்து ரத்தம் திரும்பிவரும் குழாயை உறைந்த ரத்தம் அடைப்பது) என்று தெரிந்தது. பிரசவத்துக்குப் பிறகு சிலருக்கு வருமாம். சிகிச்சையில் வலி போனது. எழுத்து திரும்பவில்லை. அதற்கு அலெக்ஸியா (பார்வை இருந்தும் வாசிக்க முடியாத நிலை) என்று பெயர். ஆனால் எழுத முடிந்தது. என் பெயரை எழுதினேன். அடுத்த நிமிடம் அதையே வாசிக்கச் சொன்னபோது விழித்தேன்.

குழந்தையின் மருந்து பாட்டில்களை மாமியார் பீரோவில் வைத்துப் பூட்டினார். "நானிருக்கறப்ப ஊத்திக்கலாம் கண்ணு. நீ சங்கடப்படாத." அன்புதான். ஆனாலும் என் குழந்தைக்கு நானே மருந்து கொடுக்க முடியாது என்பது நெஞ்சில் கிடந்தது. அதற்காகத்தான் மறுபடி வாசிக்கப் பழகும் பயிற்சிக்குப் போனேன்.

பயிற்சியாளர் ஒரு பெண். ஒவ்வொரு எழுத்தையும் விரலால் வரைந்து பார்க்கச் சொன்னார். கண்வழிப் பாதை அடைபட்டாலும் கைவழிப் பாதை திறந்திருக்கிறது என்றார். உண்மைதான். 'க' என்று விரல் சொன்ன பிறகே எனக்குத் தெரிந்தது.

பிழை அதற்குப் பிறகு செய்தேன். மண்ணரை என்ற ஊரில் ஒரு பனியன் கம்பெனியில் ஐந்து வருடம் செக்கிங் பார்த்தவள் நான். தையலில் சந்தேகம் வந்தால் அந்த இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டி, துணியை ஒதுக்கிவிட வேண்டும். வீட்டில் மிச்சமிருந்த ஸ்டிக்கர்களை, தடுமாறிய எழுத்துகளிலெல்லாம் ஒட்டினேன். ஆறு வாரத்தில் பாடப்பக்கமே சிவந்துவிட்டது. ஒரு வாக்கியமும் முடியவில்லை.

பயிற்சியாளர் பார்த்துச் சிரித்துவிட்டார். "ஏனுங்க, இது பாடமா, ரிஜெக்ட் பீஸா?"

"சந்தேகம் வந்தா நிறுத்தித்தானுங்க பழக்கம்" என்றேன். கண் கலங்கியது.

"நிறுத்தறதாலதானுங்க வார்த்தை வர்றதில்ல. தடுமாறினா விட்டுட்டு அடுத்த எழுத்துக்குப் போங்க. வார்த்தை முடியறப்ப விட்டது தானா வரும்."

வீட்டில் சொன்னதும், கட்டிங் மாஸ்டரான என் கணவர், "உன்ற செக்கிங்கில நானே இன்னும் பாஸ் ஆகல. எழுத்து பாவம், என்ன பண்ணும்?" என்றார்.

மறுவாரம் பேருந்து நிறுத்தத்தில், வந்த பேருந்தின் பலகையிலிருந்த எழுத்துகளை விரலால் தொடையில் வரைந்தேன். ப. ல். அடுத்த எழுத்து பிடிபடவில்லை. பேருந்து எனக்காக நிற்காது. விட்டுவிட்டு அடுத்ததற்குப் போனேன். ட. ம். பல்லடம்! முழுதாக வந்துவிட்டது. பக்கத்தில் நின்றவர் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சத்தமாகச் சொல்லியிருக்கிறேன்.

போன வாரம் மாமியார் ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பும்போது பீரோ சாவியை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். மதியம் மகளுக்குக் காய்ச்சல். அவள் அழ அழ, பாட்டிலின் பெயரை விரலால் வரைந்தேன். மருத்துவர் சீட்டில் எழுதியிருந்ததையும் வரைந்தேன். இரண்டும் ஒன்றுதான். ஆனாலும் படமெடுத்துக் கணவருக்கு அனுப்பி, "கரெக்ட்டுதான், குடு" என்று பதில் வந்த பிறகே ஊற்றினேன். மாலையில் காய்ச்சல் இறங்கியது.

முன்பு கண் பட்டதுமே படித்துவிடுவேன். இப்போது ஒரு வரிக்குப் பால் காயும் நேரம் ஆகிறது. விரல் நுனி முன்னால் போகிறது, நான் பின்னால் போகிறேன். அந்த மெதுவான நேரத்தோடு எனக்குச் சண்டையில்லை.

பயம்தான் போகவில்லை. இதே நிலையைக் கடந்தவர்களே, நீங்கள் படித்ததை நீங்களே நம்ப எப்படிப் பழகினீர்கள்? எழுதுங்கள். நாளாகும், ஆனால் நானே படிப்பேன்.