கல்லு நிரை

என் மகன் வேலை பார்க்கும் கம்பெனியில் தலைமைத்துவப் பயிற்சி என்று ஒரு ஹோட்டலில் வைத்து வகுப்பு எடுத்தார்களாம். கோட் போட்ட ஒருவர் வந்து, "உங்களுக்குள் ஒரு தலைவர் தூங்கிக்கொண்டிருக்கிறார், அவரை எழுப்புங்கள்" என்றாராம். மகன் அதை வீட்டுக்கு வந்து பெருமையாகச் சொன்னான். எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. இருட்டோடு எழுந்து, தோட்டத்தில் ஆள் எண்ணும் பெரட்டுக்கு ஓடுகிறவளுக்கே தூங்க நேரமில்லை. அவளுக்குள் இன்னொருவர் எங்கே படுத்துத் தூங்குவது? நாலு பேரை நடத்துவது எப்படி என்று எனக்குத் தெரிந்ததெல்லாம் இலங்கையில் வட்டகொடை ஸ்டேஷனுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், என் மாமியாரை மேய்க்கப் போய்க் கற்றுக்கொண்டதுதான்.

அறுபதுகளின் தொடக்கம் அது. எங்கள் கொழுந்துக்காரிகளுக்குக் கங்காணியாக இருந்தவர் குடும்பத்தோடு இந்தியாவுக்குக் கப்பலேறிவிட்டார். துரை ஒருநாள் மலைக்கு வந்து கூடைகளைக் கிளறிப் பார்த்தார். என் கூடையில் முத்தல் இலை இல்லை. "இவளைப் போடு" என்று கையைக் காட்டிவிட்டுப் போய்விட்டார். எங்கள் மலைகளை மேற்பார்வை பார்த்த கண்டாக்கு ஐயாவுக்கு வயிறு எரிந்தது. பொம்பளைக் கங்காணி என்று ஒன்றை அவர் கேள்விப்பட்டதே இல்லை. உண்மையில் நாங்களும் கேள்விப்பட்டதில்லை.

"ஒனக்குக் கத்தத் தெரியுமா?" என்று கேட்டார். "கத்துனாத்தான் இவளுகளுக்குக் கை ஓடும்."

"தெரியுங்க" என்றேன். கங்காணிக் கம்பை என் கையில் கொடுத்தார்.

அந்தக் கூட்டத்தில் என் மாமியாரும் ஒருத்தி. மலையில் வாய்க்காரி என்றால் அவர்தான். தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் எங்களுக்கு இருந்தது காம்பரா என்கிற ஒரே அறை. என் புருஷன் நடுவில் படுத்துக்கொண்டு இரண்டு பக்கமும் பேச்சு வாங்குவார். பகலெல்லாம் நான் கங்காணி. மாலையில் மலையை விட்டு இறங்கினால் நான் மருமகள், அடுப்பு ஊதவேண்டியவள்.

முதல் வாரம் கத்தினேன். பழைய கங்காணி கத்தியது மாதிரியே, அவர் வாயில் வந்த கெட்ட வார்த்தைகளையும் விடாமல் கத்தினேன். பெண்கள் ஒருத்தியை ஒருத்தி பார்த்துச் சிரித்தார்கள். மாமியார் சிரிக்கவில்லை. கையை நிறுத்திவிட்டுத் திரும்பி, "இந்த வாய வூட்டுக்குக் கொண்டாந்துராத புள்ள" என்றார். அவ்வளவுதான், அன்றோடு கத்தலை விட்டேன். மறுநாள் கம்பை மேட்டில் ஊன்றி அதில் என் ரொட்டிப் பையைத் தொங்கவிட்டேன். அதன் பிறகு அந்தக் கம்புக்கு வேறு வேலை இருக்கவில்லை.

கத்தல் போனதும்தான் கண் திறந்தது. எங்கள் கூட்டத்தில் யாரும் சோம்பேறி இல்லை. சண்டையெல்லாம் நிரையால் வந்தது. காலையில் ஆளுக்கு ஒரு வரிசைத் தேயிலையைக் கங்காணிதான் பிரித்துக் கொடுப்பார், அதுதான் நிரை. அதில் ஒன்றைக் கல்லு நிரை என்போம். நடுவில் மாடு படுத்த மாதிரி ஒரு பாறை, அதைச் சுற்றி நோஞ்சான் செடிகள், காலுக்குக் கீழே அட்டை. எந்த மலையில் இறங்கினாலும் இப்படி ஒரு நிரை இருக்கும். யாருக்கு அது கிடைத்தது என்று பார்த்தாலே கங்காணிக்கு யார்மேல் கோபம் என்று தெரிந்துவிடும். பல்லைக் காட்டியவளுக்கு ரோட்டோர நிரை, முறைத்தவளுக்குக் கல்லு நிரை. நானும் அதில் மூக்கால் அழுதவள்தான்.

"இனிமே கல்லு நெரை மொற வச்சுத்தான்" என்றேன். "வரிசையா எல்லாருக்கும் வரும்."

"ஒன் மாமியா மொற வரட்டும். அப்பப் பாக்குறோம் ஒன் நியாயத்த" என்றாள் ஒருத்தி. எல்லாரும் சிரித்தார்கள். ஆனால் அன்றிலிருந்து எல்லாருடைய கண்ணும் அந்த ஒரு நாளுக்காகக் காத்திருந்தது.

அந்த நாள் மழையோடு வந்தது. மலையே வேலையை விட்டுவிட்டு என்னைப் பார்த்தது. "அத்தை, கல்லு நெரை இன்னைக்கு ஒங்க மொறைங்க" என்று சொல்லிவிட்டேன். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் இடுப்பில் சுற்றிய சாக்குப் படங்கை இறுக்கிக் கட்டிக்கொண்டு இறங்கினார். திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

மாலை கொழுந்து நிறுக்கும்போது அவர் கூடை குறைந்தது. எங்கள் தோட்டத்தில் ஒருநாள் சம்பளத்துக்குப் பேர் என்று பெயர். எடை சரியாக இருந்தால் முழுப் பேர், குறைந்தால் அரைப் பேர். மனுஷியின் பேரைப் பாதியாக வெட்டலாம் என்று எவன் கண்டுபிடித்தானோ, அவன் கை விளங்காமல் போகட்டும். அதைச் சத்தமாகச் சொல்லும் வேலை கங்காணிக்கு. கண்டாக்கு ஐயா முகத்தில் அன்றுதான் சிரிப்பைப் பார்த்தேன்.

"என்ன கங்காணி, ஒன் மாமியாளுக்கு என்ன பேரு? ஒன் வாயாலயே சொல்லு."

"பாறையில கொழுந்து மொளைக்காதுங்க ஐயா. அந்த நெரைக்கு இதுதான் முழுசு."

"சட்டம் எல்லா நெரைக்கும் ஒண்ணுதான்."

"நெரை ஒண்ணா இல்லீங்களே."

"அரைப் பேருன்னு சொல்றியா, கம்பக் குடுக்குறியா?"

"கம்பு மேட்டுல ஊனியிருக்குங்க. அதுல தொங்குற ரொட்டிப் பை என்னோடது. அத மட்டும் எடுத்துக்கிறேன்."

அரைப் பேரை அவரே சொன்னார். சொல்லட்டும். என் வாயால் அது வரவில்லை. மாமியார் என்பதற்காக நான் அதைச் செய்யவில்லை. அந்த இடத்தில் எனக்கு ஆகாத ஒருத்தி நின்றிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன். இதை இன்றைக்கும் யார் முன்னாலும் அடித்துச் சொல்வேன்.

அன்று காம்பராவில், "ஒனக்கு ஏன் இந்த வீம்பு?" என்று புருஷன் முனகினார். மாமியார் அட்டை கடித்த இடங்களில் சுண்ணாம்பு வைத்துக்கொண்டிருந்தார். பதவி போனது வலிக்கவில்லை என்று நான் பொய் சொல்ல மாட்டேன். நன்றாக வலித்தது. ஆனால் நாளைக் காலையில் முறையும் போய்விடும், பழையபடி பல்லைக் காட்டுகிறவளுக்குத்தான் நல்ல நிரை என்று நினைத்தபோதுதான் அழுகை வந்தது.

மறுநாள் கண்டாக்கு ஐயாவின் ஆள் ஒருவர் கம்போடு வந்தார். நான் கூடையை மாட்டிக்கொண்டு பெண்களோடு பெண்ணாக நின்றேன். புதுக் கங்காணி வந்த சூட்டில் என் மாமியாரைப் பார்த்து, "கெழவி, நீ கல்லு நெரைக்குப் போ" என்றார்.

"எனக்கு நேத்தே முடிஞ்சிருச்சு" என்றார் மாமியார். பிறகு என் பக்கம் திரும்பினார். "இன்னைக்கு இவ மொற. கங்காணியா இருந்து இத்தன நாளு தப்பிச்சிக்கிட்டா. என்ன புள்ள முழிக்கிற? எறங்கு."

நான் இறங்கினேன். மற்றவர்களும் அவரவர் முறைப்படி அவரவர் நிரைக்குப் போனார்கள். கங்காணி கத்தினார். யாருக்கும் காது கேட்கவில்லை. பாறையைச் சுற்றி வழுக்கி வழுக்கி நின்றுகொண்டு நான் வாய்விட்டுச் சிரித்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக யாருக்கும் நான் கீழ்ப்படிந்ததில்லை.

மேலேயிருந்து மாமியாரின் குரல் வந்தது. "ஏண்டி, கல்லு நெரைக்காரிக்கு ரெண்டு பக்கத்துலயும் நிக்கிறவளுக அப்பப்ப ஒரு கை கொழுந்து அவ கூடையிலயும் போடுங்கடி. நாளைக்கு ஒங்களுக்கும் அதே நெரைதான்." இது எனக்குத் தோன்றாத யோசனை. முறை வைத்ததோடு நியாயம் முடிந்தது என்று நான் நினைத்திருந்தேன். பாறையோடு ஒருநாள் முழுக்க மல்லுக்கட்டியவருக்குத்தான் மிச்சம் தெரிந்திருக்கிறது. இடப்பக்கத்துக்காரி ஒரு பிடி போட்டாள், வலப்பக்கத்துக்காரி ஒரு பிடி போட்டாள்.

மாலையில் கண்டாக்கு ஐயா எனக்காகவே காத்திருந்தார். என் கூடையைத் தராசில் மாட்டினார்கள். சரியாக இருந்தது. இறக்கி மறுபடி மாட்டச் சொன்னார். அப்போதும் சரியாக இருந்தது. அவர் தராசையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

எனக்குப் பின்னாலிருந்து மாமியார் முன்னால் வந்து நின்றார்.

"என்னங்கய்யா பாக்குறீங்க? பேரப் போடுங்க. முழுசாப் போடுங்க."