லோரெய்னின் கால்களுக்குச் சத்தம் கொடுத்தவள்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தொன்பதில் கல்வர் சிட்டி பெண்கள் விடுதியில் எனக்கு அறைத்தோழியாக வந்தவள் வெர்னா கோசாக். ஒஹையோவில் அவள் அப்பா கண்ணாடித் தொழிற்சாலையில் உலை பார்ப்பவர். குட்டையான உருவம், அகன்ற முகம், முன்பல்லில் ஒரு இடைவெளி. அந்தப் பல்லை வைத்துக்கொண்டு முன்வரிசைக்கு வரவே முடியாது என்று முதல் நாளே அவளிடம் சொல்லிவிட்டார்கள். நாங்கள் இருவரும் ஸ்டூடியோவின் பாட்டுப் படங்களில் கூட்டத்தோடு ஆடும் பெண்கள். கதாநாயகிக்குப் பின்னால் இருபது பேர் கால் தூக்குவார்களே, அதில் நான் ஏழாவது, அவள் பதினெட்டாவது.

ஆனால் ஷூவின் அடியில் தகடு அடித்துத் தரையில் தாளம் தட்டி ஆடும் ஆட்டத்தில் அவளுக்கு ஈடாக அந்த ஸ்டூடியோவில் ஒருத்தியும் கிடையாது. அது எனக்குத் தெரியும். தெரிந்ததுதான் எனக்கு வருத்தமே.

ஐம்பத்தொன்றில் ஒரு ரயில் நிலையப் படம் வந்தது. கதாநாயகி லோரெய்ன் டேல். பிளாட்பாரத்தில் பெட்டிகளின் மேலும் வண்டிகளின் மேலும் தாவித் தாவி ஆறு நிமிஷம் ஆடுவாள். பார்க்க அவ்வளவு அழகு. ஆனால் ஆட்டத்தைப் படம் பிடிக்கும்போது கால் சத்தத்தை எடுக்க மாட்டார்கள். பாட்டை உரக்கப் போட்டுத்தான் ஆடவைப்பார்கள். அதெல்லாம் முடிந்த பிறகு ஒரு சின்ன அறையில் மரப்பலகை விரித்து, திரையில் படத்தை ஓடவிட்டு, அந்தக் கால்களைப் பார்த்துக்கொண்டே யாராவது தட்ட வேண்டும். அந்த வேலைக்கு எங்கள் இருவரையும் தட்டவைத்துப் பார்த்தார்கள். லோரெய்னின் கால்களுக்கு வெர்னா. பின்னால் ஆடும் போர்ட்டர்களின் கால்களுக்கு நான்.

மூன்று நாள் தட்டினோம். லோரெய்ன் நிறைய இடத்தில் தாளம் தப்பியிருந்தாள். அந்த இடங்களிலெல்லாம் வெர்னா இரண்டு தட்டைக் கூடுதலாகப் போட்டு நிரப்பினாள். தப்பு தெரியவில்லை. வேண்டுமென்றே அப்படி ஆடியதுபோல ஆகிவிட்டது. சத்தம் பதிகிறவர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் எழுந்து நின்று கைதட்டினார். பலகைச் சத்தத்தோடு அவள் மூச்சு வாங்குவதும் பதிந்திருந்தது, அதை மட்டும் வெட்டிவிட்டார்கள்.

"அப்ப திரையில எனக்கு மூச்சே கிடையாதாடி?" என்று வெர்னா சிரித்தாள்.

"உனக்குத் திரையே கிடையாது, போடி" என்றேன். அவள் அதற்கும் சிரித்தாள்.

வெளியே சொல்லக்கூடாது என்று கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். ஐந்தாறு வருஷத்தில் பாட்டுப் படங்களே நின்றுபோயின. கூட்டத்தில் ஆடிய எல்லோரையும் ஒரே வாரத்தில் அனுப்பிவிட்டார்கள். வெர்னா பஸ் ஓட்டும் எமிலைக் கட்டிக்கொண்டு பர்பேங்கில் குடியேறினாள். பள்ளிக்கூடச் சமையலறையில் இருபத்தாறு வருஷம் வேலை. ரஸ்ஸல் என்று ஒரே மகன்.

ஸ்டூடியோ மறந்தது, ஜனங்கள் மறக்கவில்லை. அந்தப் படம் டிவியில் வர ஆரம்பித்ததும் கிறிஸ்துமஸ் தோறும் வந்தது. அப்பாவோடு பார்த்தவர்கள் பிள்ளைகளை உட்காரவைத்துப் பார்த்தார்கள். அந்த உலகத்தில் ஒருவருக்கும் மூச்சு வாங்காது, மழையில் நனைந்தால் சளி பிடிக்காது, கோபம் வந்தால் பாட்டு, வேலை போனால் ஆட்டம். வேலை போய் வீட்டில் உட்கார்ந்திருப்பவனுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? எமில் சாகக் கிடந்தபோதும் அந்த ஆறு நிமிஷத்தைத்தான் போடச் சொன்னாராம்.

வெர்னா ஒவ்வொரு வருஷமும் டிவி முன்னால் சொல்வாள்: "அது என் காலு."

சின்ன வயதில் ரஸ்ஸல் நம்பினான். பெரியவனானதும் அவன் மனைவி சிரிப்பதைப் பார்த்து அவனுக்கும் கூச்சம் வந்துவிட்டது. ஒருமுறை சாப்பாட்டு மேஜையில் எல்லோர் முன்னாலும் சொன்னான்: "போதும்மா. வருஷா வருஷம் அதே கதை. அந்தம்மா ஆடறது கண்ணால தெரியுது, நீங்க எங்க இருக்கீங்க அதுல?"

இதை அவள் என்னிடம் போனில் சொன்னாள். "உனக்குத் தெரியுமில்ல மேவிஸ்? நீ பக்கத்துலதான நின்ன?"

"தெரியும்டி" என்றேன்.

இரண்டாயிரத்தொன்றில் படத்துக்கு ஐம்பது வயது. ஹாலிவுட்டில் ஒரு பழைய தியேட்டரில் சனிக்கிழமை மதியக் காட்சி. லோரெய்ன் டேல் மேடைக்கு வருகிறாள் என்று அறிவித்தார்கள். கூட்டத்தில் ஆடியவர்களில் மிஞ்சியவர்களைத் தேடி என்னைக் கண்டுபிடித்து, மேடையில் உட்காரக் கூப்பிட்டார்கள். ஸ்டூடியோவின் பட்டியலில் வெர்னா கல்யாணத்துக்கு முந்தைய பெயரில் இருந்தாள். அவர்களுக்குக் கிடைக்கவில்லை. நானும் சொல்லவில்லை. டிக்கெட் வாங்கிக்கொண்டு அவளே வந்தாள். பக்கத்தில் ரஸ்ஸல்.

மேடைக்குப் பின்னால் லோரெய்ன் என் கையைப் பிடித்துக்கொண்டாள். எழுபத்தொன்பது வயதிலும் அதே முகவாய். "மேவிஸ்தான? ஏழாவதா நின்னவ. எனக்கு மறக்குமா? நீ பக்கத்துல உட்காரு கண்ணு, எனக்குத் தைரியமா இருக்கும்." ஐம்பது வருஷத்தில் என்னை அடையாளம் தெரிகிறது என்று ஒருவர் சொன்னது அதுதான் முதல் தடவை. யாரோ துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்திருப்பார்கள். அப்போது எனக்கு அது தோன்றவில்லை.

படம் ஓடியது. ரயில் நிலைய ஆட்டம் வந்ததும் ஆயிரம் பேரும் காலால் தரையைத் தட்டினார்கள். அந்தக் கூடுதல் இரண்டு தட்டு வருகிற இடத்தைக்கூட விடாமல் தட்டினார்கள். விளக்கு போட்டதும் நிகழ்ச்சி நடத்துகிறவன் அந்தத் தாளம் எப்படி வந்தது என்று லோரெய்னிடம் கேட்டான்.

"மூணு நாள் ஒரு சின்ன ரூம்ல நின்னு நானேதான் தட்டினேன்" என்றாள் அவள். "கால்ல ரத்தமே வந்துடுச்சு."

நடுவரிசையில் வெர்னா கைத்தடியை ஊன்றி எழுந்தாள். "அது நான் தட்டினது லோரெய்ன். நீ அந்த ரூமுக்குள்ளயே வரல."

கூட்டம் திரும்பிப் பார்த்தது. லோரெய்ன் கோபப்படவில்லை. "பாவம், நெறைய பேருக்கு அந்தப் படம் சொந்தப் படம் மாதிரிதான்" என்றாள். ஜனங்கள் அன்போடு சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் ரஸ்ஸல் தலையைக் குனிந்துகொண்டான்.

"மேவிஸ் இருக்கா, அவளைக் கேளுங்க" என்றாள் வெர்னா. "மேவிஸ், சொல்லுடி."

நடத்துகிறவன் மைக்கை என்னிடம் நீட்டினான். லோரெய்னின் கை இன்னும் என் கைமேல் இருந்தது. முதல் வரிசையில் ஒரு பெண் என்னைப் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். சரி, ஐம்பத்தொன்றில் வெர்னாவைத் தேர்ந்தெடுத்தார்கள், என்னையில்லை. அதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன், இனி மறைத்து என்ன ஆகப்போகிறது.

"ரொம்ப காலம் ஆச்சுங்க" என்றேன். "எனக்கு ஞாபகமில்லை."

வெர்னா உட்காரவில்லை. அப்படியே நடைபாதைக்கு வந்து, மகன் தோளைப் பிடித்துக்கொண்டு வெளியே போனாள். மைக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நானும் வாசலுக்கு ஓடினேன். கார் கதவு திறந்திருந்தது. அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"நல்லா நடிச்ச. அப்பவே இப்படி நடிச்சிருந்தா முன்வரிசைக்கு வந்திருப்ப" என்றாள். ரஸ்ஸல் கதவைச் சாத்தினான்.

அதன் பிறகு அவள் என் போனை எடுக்கவில்லை. மூன்று கடிதம் போட்டேன், பிரிக்காமலே திரும்பி வந்தன. ஒன்றரை வருஷத்தில் இடுப்பு எலும்பு முறிந்து போய்ச் சேர்ந்தாள். சவ அடக்கத்துக்குப் போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்துவிட்டு வந்தேன். அடுத்த வருஷம் லோரெய்னும் போனாள். எல்லாப் பத்திரிகையிலும் அந்த மூன்று நாளும் ரத்தம் வந்த காலும் இருந்தன.

அதைப் படித்த பிறகுதான் பர்பேங்குக்கு ரஸ்ஸலைத் தேடிப் போனேன். வாசலிலேயே நிற்கவைத்துக் கேட்டான். பலகை, திரை, வெட்டிய மூச்சு, நிரப்பிய தட்டு என எல்லாவற்றையும் சொன்னேன். உங்கம்மா ஒரு பொய்யும் சொல்லவில்லை என்றேன்.

பிறகு சொன்னான்: "கடைசி கிறிஸ்துமஸுக்கு அந்தப் படம் வந்துச்சு. அம்மா பேசாம பாத்துட்டு இருந்தாங்க. முடிஞ்சதும், 'ஏன் ரஸ்ஸல், ஒருவேளை அவளே தட்டியிருப்பாளோ? மேவிஸ் பொய் சொல்ல மாட்டாளே'ன்னு கேட்டாங்க. நான் என்ன சொன்னேன் தெரியுமா? 'இருக்கலாம்மா'ன்னேன்."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். "கிளம்புங்க" என்றான்.

தியேட்டர்காரர்களிடம் உண்மையைச் சொன்னேன். உள்ளே மரியாதையாக உட்காரவைத்துக் கேட்டார்கள். லோரெய்ன் அம்மாவே உயிரோடு இல்லாதபோது இப்போது கிளறினால் ஜனங்கள் மனசு கஷ்டப்படும் மேடம் என்றார்கள். வருஷா வருஷம் நடத்தும் அந்தக் காட்சிக்கு இந்த வருஷமும் அழைப்பு அனுப்பியிருக்கிறார்கள், மேடையில் எனக்கு ஒரு நாற்காலி. போகக்கூடாது என்று ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். நேற்று, அன்றைக்கு மேடையில் போட்டிருந்த நீலச் சட்டையைச் சலவைக்குப் போட்டுவிட்டு வந்தேன்.