அறுபத்துமூவர் அன்று வந்த இழுப்பு

உலக யுத்தம் முடிந்த மறு வருஷம். அக்காவுக்குப் பதினாலு வயது, எனக்கு ஏழு.

அக்காவுக்கு இழுப்பு வந்தால் மந்தைவெளியில் எங்கள் சந்து முழுக்கத் தெரிந்துவிடும். சித்தப்பா அவளைத் தோளில் போட்டுக்கொண்டு டாக்டர் வீட்டுக்கு ஓடுவார். பின்னால் அம்மா, அம்மாவுக்குப் பின்னால் நான். மூச்சு முட்டுவதைவிட அந்த ஊர்வலம்தான் அக்காவுக்கு வேதனை. ஒருநாள் டாக்டர் எங்களையெல்லாம் வெளியே நிறுத்திவிட்டு அவளோடு வெகுநேரம் பேசினார். வெளியே வந்தவள் தாவணி முனையில் ஒரு சின்ன மாத்திரை டப்பியை முடிந்திருந்தாள்.

"இனிமே நானே பாத்துக்கறேன்" என்றாள். யாரும் அதைக் காதில் வாங்கிக்கொள்ளவில்லை.

பங்குனியில் சித்தப்பா எங்கள் இருவரையும் மயிலாப்பூருக்கு அறுபத்துமூவர் பார்க்கக் கூட்டிப்போனார். மாடவீதியில் புழுதியும் சாம்பிராணிப் புகையும் ஆளை மறைத்தன. நாயன்மார் பல்லக்குகள் வரத் தொடங்கியபோது அக்காவின் நெஞ்சுக்குள் இழுப்பின் சீட்டிச் சத்தம் கேட்டது. சித்தப்பா குனிந்து கையை நீட்டினார்.

"தூக்காதே சித்தப்பா. நானே... நடந்து வரேன்."

நீர்மோர்ப் பந்தலுக்குப் பின்னால் புகை இல்லை. அங்கே ஒரு கல்லில் உட்கார்ந்து, முழங்கால்மேல் கைகளை ஊன்றி முன்னால் சாய்ந்தாள். அரை மாத்திரையை விழுங்கினாள். அதற்குள் கூட்டம் கூடிவிட்டது.

"பொண்ணப் படுக்க வெய்யிப்பா, இன்னா பாத்துகினு நிக்கிறே!" என்று ஓர் அம்மாள் சித்தப்பாவை அதட்டினாள்.

"படுத்தா... அடைச்சிக்கும். காத்து வுடுங்க" என்றாள் அக்கா.

வீட்டில் குரலே உயர்த்தாதவள் சொல்லி, மீசை வைத்த ஆண்களெல்லாம் பின்வாங்கினார்கள்.

சூடான பாலை ஊதுவதுபோல உதட்டைக் குவித்து மூச்சை மெல்ல வெளியே விட்டாள். மறுபடியும். மறுபடியும். கழுத்துக் குழி உள்ளே போய்ப் போய் வந்தது.

"டாக்டராண்ட போலாமா?" சித்தப்பா மறுபடியும் குனிந்தார்.

"கொஞ்சம் பாக்கறேன். கொறையலன்னா... நானே சொல்றேன். அப்ப தூக்கினு ஓடு."

வீதியில் அறுபத்துமூன்று பேரும் போய்க்கொண்டிருந்தார்கள். நான் ஒருவரையும் பார்க்கவில்லை. அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தேன். சீட்டிச் சத்தம் நூலாய் மெலிந்து, எப்போது நின்றது என்றே தெரியாமல் நின்றது.

அவள் எழுந்து பாவாடையைத் தட்டிவிட்டு, மந்தைவெளிவரை நடந்தே வந்தாள். இரண்டு இடத்தில் நின்று இளைப்பாறினாள், அவ்வளவுதான். சித்தப்பா பத்தடி பின்னாலேயே வந்தார். நான் ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"தூக்க வுடலன்னு அக்கா மேல கோவமா?"

"இல்லம்மா" என்றார். துண்டால் கண்ணையும் முகத்தையும் அழுந்தத் துடைத்தார்.

கோபமேதான் என்று முடிவு கட்டிக்கொண்டேன்.