நேரே போகச் சொன்னேன்

எழுபதுகளில் நான் வேலை பார்த்த மத்திய அரசு அலுவலகத்தில் எல்லோரும் இந்தித் தேர்வில் தேறியாக வேண்டும். நான் ஏற்கெனவே கோட்டைவிட்டவன். இந்தத் தடவையும் தேறாவிட்டால் ஜபல்பூருக்கே மாற்றிவிடுவேன் என்று அதிகாரி மிரட்டியிருந்தார்.

வாய்மொழித் தேர்வு நடத்த வடக்கேயிருந்து ஒருவர் சிம்மக்கல்லுக்கு வந்திருந்தார். நரைத்த மீசை, மதுரை வெயிலிலும் கழுத்தில் மஃப்ளர். யார் என்ன சொன்னாலும் நிமிராமல் 'அச்சா' என்பார். இங்கிருந்து மீனாட்சி கோயிலுக்கு எப்படிப் போவது என்று என்னிடம் இந்தியில் கேட்டார். வாசலில் இறங்கித் திரும்பி நடக்க வேண்டும். ஆனால் திரும்புவதற்கான சொல் எனக்கு வரவில்லை. நேரே போங்கள் என்று மட்டும்தான் சொல்லத் தெரிந்தது. அதையே திரும்பத் திரும்பச் சொன்னேன்.

"அச்சா" என்றார்.

சாயங்காலம் ஆற்றுப் பாலத்தைத் தாண்டி, கோரிப்பாளையத்தில் நான் வழக்கமாக நிற்கும் டீக்கடைக்குப் போனால், அங்கே அதே மஃப்ளர். கடைக்கார பாயோடு உருதுவில் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"வாங்க தம்பி. இவரு கோயிலுக்குப் போகணுமாம். எவனோ நேரா போகச் சொல்லி இங்கிட்டு அனுப்பிவிட்டிருக்கான்," என்றார் பாய்.

"நாந்தான் பாய்."

பாய் அதை அவரிடம் சொன்னார். அவர் என்னை நிமிர்ந்து பார்த்து ஏதோ சொன்னார்.

"மதுரைக்கு வந்ததுலருந்து பேச ஆளில்லாம இருந்தாராம். உங்களுக்கு ஒரு டீ போடச் சொல்றாரு."

எனக்கு எண்பத்தொரு மார்க் வந்தது. அலுவலகத்திலேயே அதுதான் அதிகம். அதிகாரி கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

பாலத்தில் நின்று திரும்பிப் பார்த்தாலே கோபுரம் தெரியும். அவர் ஏன் திரும்பவில்லை என்பதுதான் எனக்கு இன்னும் விளங்கவில்லை.